பச்சைத் தூணும் நீல டிரம்மும்

மே 6, செவ்வாய்

டாக்டர் சொல்லிவிட்டார்: "கோபம் வந்தா கத்தாதீங்க, எழுதுங்க." ரத்த அழுத்த மாத்திரையோடு இந்த நோட்டும் இப்போது பையில் ஏறிவிட்டது. இன்றைக்கே பாதி நோட்டு தீர்ந்துவிடும் போலிருக்கிறது.

மதுரையில் விடியுமுன் கிளம்பி, ராமநாதபுரத்தில் கம்பெனி ஜீப்பில் ஏறினேன். கடைசி டீக்கடை போனது, கடைசி வேலிக்கருவையும் போனது, ஜீப் மட்டும் போய்க்கொண்டே இருந்தது. இரண்டு பக்கமும் உப்புப் பாத்தி. வெள்ளை வெளேரென்று கண்ணைத் திறக்கவிடவில்லை. அதன் கோடியில், கடலைப் பார்த்துக்கொண்டு நிற்கிறது இந்த ஆலை. கடல்நீரில் உப்பெடுத்துவிட்டு, மிஞ்சும் கசப்புநீரிலிருந்து புரோமின் எடுக்கிறார்கள். வெளிநாட்டில் அதை வாங்குகிறவர்களுக்கு இவ்வளவு தூரம் வந்து பார்க்கப் பொறுமை இல்லை. இருந்த இடத்திலிருந்தே கணினியில் ஆலை முழுக்க நடந்து பார்க்க வேண்டுமாம். பார்த்துத் திருப்தி என்றால்தான் ஒப்பந்தத்தைப் புதுப்பிப்பார்களாம். அந்த நடையைத் தயாரிக்கத்தான் நான் வந்திருக்கிறேன்.

இதுவரை நான் செய்தவை கல்யாண மண்டபம், அடுக்குமாடி வீடு, ஒரு என்ஜினியரிங் கல்லூரி. அங்கெல்லாம் குழாயைத் திறந்தால் தண்ணீர் வரும். இங்கே விருந்தினர் விடுதியில் குளிக்க, துவைக்க, எல்லாவற்றுக்கும் நாளைக்கு ஒரு வாளி. நல்ல தண்ணீர் லாரியில்தான் வரவேண்டும். வாட்ச்மேன் அந்த வாளியைத் தளும்பாமல் தூக்கி வந்த பக்குவத்தைப் பார்த்து எனக்கே குளிக்கக் கூச்சமாகிவிட்டது.

செல்வின் போன் செய்தார். "ஜெசி, இட்லி மாவு எங்க இருக்கு?" பிரிட்ஜில் அதே தட்டில், கல்யாணம் ஆன நாளிலிருந்து அங்கேதான் இருக்கிறது. பள்ளிக்கூடத்தில் இந்த மனிதர் பூகோளம் நடத்துகிறார்.

மே 7, புதன்

என் கேமராவுக்கு முன்பக்கம், பின்பக்கம் கிடையாது. ஒரு தட்டுத் தட்டினால் சுற்றிலும் உள்ள அத்தனையும் படத்தில் விழும், கூரை தரை உட்பட. அதனால் படம் எடுக்கும்போது நான் முதற்கொண்டு எல்லோரும் ஒளிந்துகொள்ள வேண்டும். இதை நாள் முழுக்கக் கத்தினேன். (டாக்டர் மன்னிக்கவும்.) "நான் கேமராவுக்குப் பின்னாடிதான மேடம் நிக்கிறேன்?" என்று பதில் வருகிறது.

எனக்குத் துணையாக விட்டிருப்பவர் செய்யது இபுராகிம், ஆலையின் பாதுகாப்பு அதிகாரி. கீழக்கரைக்காரர். தங்கமான மனிதர், ஆனால் ஒளியத் தெரியாது. கொதிகலன் அறையில் அவர் முழங்கை விழுந்திருக்கிறது. ஆய்வகத்தில் ஒரு செருப்பு. மோட்டார் அறையில் கம்பத்துக்குப் பின்னால் ஒளிந்தார், கம்பத்தை விட அவர் இரண்டு பங்கு அகலம்.

மாலையில் பாட்டில் நிரப்பும் கொட்டகை. புரோமினைக் கண்ணாடி பாட்டில்களில் அடைப்பது இங்கேதான். செக்கச் சிவந்த குழம்பு, மேலே புகை, மூக்கைப் பிய்க்கும் நெடி. கொட்டகை வாசலில் பச்சை பெயிண்ட் அடித்த இரும்புத் தூண் ஒன்று நிற்கிறது. தலைக்கு மேலே பூவாளி, கைக்கெட்டும் உயரத்தில் கைப்பிடி. சரக்கு மேலே தெறித்தால் ஓடிவந்து அதன் கீழ் நின்று கைப்பிடியை இழுக்க வேண்டும். கால் மணி நேரமாவது விடாமல் தண்ணீர் கொட்ட வேண்டும். "இல்லாட்டி சதையத் தின்னுக்கிட்டே உள்ள போகும் மேடம்" என்றார் இபுராகிம். வாங்குகிறவர்கள் முதலில் தேடுவதும் அந்தத் தூணைத்தானாம்.

நல்ல படம்தான். ஆனால் தூணின் காலடியில் ஒரு நீல பிளாஸ்டிக் டிரம். வெயிலில் வெளுத்து, விளிம்பு உடைந்து, மூடிமேல் பிடியில்லாத மக் ஒன்றைக் கவிழ்த்துக்கொண்டு. பச்சைத் தூணின் அழகையே கெடுத்தது.

லென்ஸ் முழுக்க உப்பு, கையெல்லாம் பிசுபிசு. டிரம்மைத் திறந்தால் தண்ணீர் இருந்தது. ஒரு மக் அள்ளி முகத்தைக் கழுவினேன்.

"யாருத்தா அது? அந்தத் தண்ணியில கைய வைக்காதீக!"

பூமயில் என்று பெயர். பாட்டிலுக்கு மூடி முறுக்கும் பெண்களுக்கு இவள்தான் தலைவி, யாரும் நியமித்த மாதிரி தெரியவில்லை.

"ஒரு கைத் தண்ணிதானங்க?"

"ஒரு கையாமுல்ல! வாரவுக போறவுக எல்லாம் ஒரு கை அள்ளுனா அடியில என்ன இருக்கும்?"

மக்கைப் பிடுங்கி, மூடியைப் படாரென்று போட்டுவிட்டுப் போனாள். நான் தொட்டால் தீட்டா என்று கேட்க வாய் வரைக்கும் வந்தது. மாத்திரையை நினைத்து விழுங்கிவிட்டேன்.

மே 8, வியாழன்

டிரம்மோடு யுத்தம்.

காலையில் மேலாளர் கோபிகிருஷ்ணன் என் மடிக்கணினியில் படத்தைப் பார்த்தார். சட்டையில் ஒரு கசங்கல் இல்லாத மனிதர். அவருக்கு மட்டும் எங்கே துவைக்கிறார்களோ. "அந்த டிரம் என்னங்க, குப்பை மாதிரி? எடுக்கச் சொல்லுங்க" என்றார். இரண்டு பேர் வந்து அதைக் கொட்டகைக்குப் பின்னால் உருட்டாமல், தளும்பாமல், பிள்ளையைத் தூக்குவதுபோல் தூக்கி வைத்தார்கள். வெளிச்சம் சரியாக வரட்டும் என்று டீ குடிக்கப் போனேன். திரும்பி வந்தால் டிரம் தூணின் காலடியில்.

மறுபடி எடுக்கச் சொன்னேன். சாப்பாட்டுக்குப் பிறகு மறுபடி அங்கேயே. யார் வைத்தது என்று கேட்டால் யாருக்கும் தெரியாது. டிரம்முக்குக் கால் முளைத்து நடந்து வந்திருக்கும் போல. பூமயில் என்னைப் பார்க்காமல் மூடி முறுக்கிக்கொண்டிருந்தாள்.

"இபுராகிம் சார், நீங்க பாத்தீங்களா?"

"நான் அப்ப தொழுகையில இருந்தேன் மேடம்."

மே 9, வெள்ளி

காற்று. கேமரா நிற்கவே இல்லை. சோற்றில் மணல், தலையில் உப்பு, செல்வினிடமிருந்து போன். தோசைக்கல் எங்கே என்று.

மே 10, சனி

எழுதாவிட்டால் வெடித்துவிடுவேன்.

பார்க்கிறவர் பச்சைத் தூணின் மேல் உள்ள புள்ளியைத் தொட்டால், தண்ணீர் கொட்டுகிற வீடியோ விரிய வேண்டும் என்பது கோபிகிருஷ்ணனின் ஆசை. "இழுத்து விடுங்க, எடுத்துக்கறேன்" என்றேன். எல்லோரும் இபுராகிமைப் பார்த்தார்கள். அவர் கடலைப் பார்த்தார். பிறகு ஒரு தண்ணீர் லாரி வந்தது. தூணின் பின்பக்கம் ஒரு குழாயைக் கழற்றி, லாரியின் ஹோஸை மாட்டினார்கள். "குழாய்ல ஏதோ சின்ன வேலை மேடம், இன்னைக்கு மட்டும்" என்றார்கள். எனக்கென்ன, தண்ணீர் வந்தால் சரி.

எல்லோரையும் ஒளியச் சொன்னேன். ஒளிந்தார்கள். ஒரு முழங்கைகூடத் தெரியவில்லை. கைப்பிடியை இழுத்ததும் பூவாளியிலிருந்து நல்ல தண்ணீர் சளசளவென்று கொட்டியது. வெயிலில் மின்னியது. நான்கு நாளில் முதல் தடவையாக எனக்குச் சிரிப்பு வந்தது.

அடுத்த நிமிஷம் கொட்டகைக்குப் பின்னாலிருந்து, பாய்லர் பக்கமிருந்து, லாரிக்கு அடியிலிருந்து பெண்கள் ஓடி வந்தார்கள். பச்சைக் குடம், ஆரஞ்சுக் குடம், எண்ணெய் கேன், டிபன் தூக்கு. தள்ளுமுள்ளு. பூமயில் எல்லாரையும் இடித்துக்கொண்டு நடுவில் நின்று, இரண்டு குடத்தை ஒரே சமயத்தில் பிடித்தாள்.

"படம் ஓடுதுங்க! தள்ளுங்க!"

"படம் எங்கிட்டும் போயிராது படக்காரம்மா, தண்ணி போயிரும்!"

லாரித் தண்ணீர் தீரும் வரை ஒருத்தி நகரவில்லை. கோபிகிருஷ்ணன் சட்டை நனைந்ததுதான் மிச்சம். குடம் வருவதற்கு முந்தைய கொஞ்ச நேரத்தை மட்டும் வெட்டி, லாரியும் ஹோஸும் தெரியாத பக்கத்தை மட்டும் வைத்து, திரும்பத் திரும்ப ஓடவிட்டு ஒப்பேற்ற வேண்டும்.

மே 11, ஞாயிறு

விடுதியில் இன்றைக்கும் சப்பாத்தி. கடலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, மதுரைக்காரி மீன் சாப்பிடமாட்டாள் என்று இவர்களுக்கு யார் சொன்னது?

மே 12, திங்கள்

கொட்டகையை வேலை தொடங்குமுன் எடுத்துவிடலாம் என்று சீக்கிரமே போய், கேமராவை நட்டுவிட்டுச் சுவருக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தேன். முறை மாறி ஆட்கள் வந்தார்கள். ஒவ்வொருவராகப் பையைத் திறந்து, வீட்டிலிருந்து கொண்டுவந்த தண்ணீர் பாட்டிலை எடுத்து, நீல டிரம்மில் கொஞ்சம் ஊற்றிவிட்டு உள்ளே போனார்கள். யாரும் யாரிடமும் சொல்லவில்லை, கேட்கவில்லை. பூமயில் சனிக்கிழமை பிடித்த குடத்தில் ஒன்றை அப்படியே கவிழ்த்தாள். பிறகு மூடி, மக்.

இபுராகிமைப் பிடித்து உலுக்கினேன். சொன்னார். தூணுக்கு முதலில் உப்புத் தண்ணீர் விட்டிருந்தார்களாம். உப்பு குழாயை அரித்துத் தின்றுவிட்டது. நல்ல தண்ணீர் இணைப்பு வேண்டுமென்று மேலே எழுதிப்போட்டு, அது மேலேயே இருக்கிறது. தூண் காய்ந்து ரொம்ப நாளாயிற்று. அதனால் இவர்களே டிரம் வைத்துக்கொண்டார்கள். யார் மேலாவது தெறித்தால் அப்படியே சாய்த்து மேலே கவிழ்ப்பதற்கு. அதிலிருந்து யாரும் குடிக்கமாட்டார்கள், கை கழுவமாட்டார்கள்.

"இத முதல் நாளே சொல்ல வேண்டியதுதான சார்?"

"நீங்க படம் எடுக்க வந்தவுங்க மேடம்."

நான் முகம் கழுவிய தண்ணீர் அது. எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார்கள். எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது, யார் மேல் என்று தெரியவில்லை. இன்றைக்கு என் விடுதி வாளியில் பாதியைக் கொண்டுபோய் அதில் ஊற்றிவிட்டு வந்தேன். குளிக்காமல் இந்த வெயிலில் இருப்பது நரகம். இதையும் எழுதி வைக்கிறேன்.

மே 13, செவ்வாய்

திரும்புகிறேன். ராமநாதபுரம் வரை இபுராகிம் ஜீப்பில் கூடவே வந்தார்.

"நீங்கதான பாதுகாப்பு அதிகாரி. தண்ணி இல்லன்னு எழுதிக் குடுத்து வேலைய நிறுத்துங்களேன்" என்றேன்.

"ஏற்கெனவே எழுதிக் குடுத்துதான் மேடம் இந்த நெலமை. இன்னொரு தடவ எழுதுனா, சம்பளப் பட்டியல்ல எம் பேரு இருக்காது. புதுசா வாரவுங்கள நான் கையப் புடிச்சுக் கூட்டிட்டுப் போயி டிரம்மக் காட்டிருவேன். மொத நாளே. அது போதும்னு ஓட்டுறேன்."

நான் படம் எடுக்க வந்தவள்.

மே 19, திங்கள்

மதுரை. வீடு போர்க்களம். இட்லி மாவு புளித்து பிரிட்ஜ் முழுக்க வழிந்திருக்கிறது. துடைத்துவிட்டு உட்கார்ந்தேன்.

படங்களை ஒட்டும் வேலை. இபுராகிமின் முழங்கை, செருப்பு, அரைத் தலை, எல்லாவற்றையும் அழித்தேன். கோபிகிருஷ்ணன் போன் செய்து, "அந்த டிரம் மேட்டர் மட்டும் பாத்துக்கங்க" என்று ஞாபகப்படுத்தினார். அழிப்பானால் இரண்டு இழுப்பு. போய்விட்டது. அது நின்ற இடத்தில் வட்டமாக ஈரம் இருந்தது, அதையும் அழித்துவிட்டேன். பச்சைத் தூண் இப்போது தனியாக, அழகாக நிற்கிறது.

பார்க்கப் போகிறவர்கள் வெளிநாட்டில் குளிர்சாதன அறையில் இருப்பவர்கள். அவர்கள் மேல் எதுவும் தெறிக்கப் போவதில்லை.

மே 21, புதன்

குரல் பதிவு. ஆங்கிலத்தோடு தமிழிலும் இந்தியிலும் வேண்டும் என்றார் கோபிகிருஷ்ணன். அப்பாவின் ரயில்வே வேலையால் பத்தாவது வரை நாக்பூரில் படித்தவள் நான். மூன்றையும் நானே பேசிவிடலாம், ஆள் தேடி அலைய வேண்டாம். வெளிநாட்டுக்காரனுக்குத் தமிழும் இந்தியும் எதற்கு என்று கேட்கவில்லை. கேட்டால் வேலை கூடும்.

எல்லாம் சுலபமாக வந்தது. அந்த ஒரு வரி மட்டும் வரவில்லை. 'உடலில் பட்டால் உடனே பச்சைத் தூணுக்கு ஓடுங்கள், கைப்பிடியை இழுங்கள்.' பக்கத்து வீட்டு மிக்ஸி. பிறகு நாய். பிறகு தொண்டை கட்டிக்கொண்டது. இந்தியிலும் அதே வரியில் அதே தொண்டை. கடைசியில் மிளகுப் பால் குடித்துவிட்டுப் பேசி முடித்தேன். என்ன வீடு இது, ஒரு வரி நிம்மதியாகப் பேச முடியவில்லை.

மே 28, புதன்

ஒப்படைத்தாகிவிட்டது. கோபிகிருஷ்ணன் தலைகால் புரியாமல் குதிக்கிறார். "பிரமாதம்மா! இனிமே ஒரிசாவுலேர்ந்து வர்ற புது ஆளுங்களுக்கும் இதையேதான் காட்டப்போறோம். டேப்லெட்டக் குடுத்து உக்கார வச்சா முடிஞ்சுது. இபுராகிம் ஒவ்வொருத்தனையா கூட்டிட்டு அலைய வேணாம். அவருக்கும் நிம்மதி."

"சார், அந்தத் தூண்ல..."

"ஆங், அப்புறம் இன்னொண்ணு. படத்துல இருக்குற மாதிரியேதான் ஆலையும் இருக்கணும்னு ஆர்டர் போட்டுட்டேன். திடீர்னு யாராவது நேர்ல வந்தாலும் வித்தியாசம் தெரியக் கூடாதுல்ல?"

தூணைப் பற்றிப் பிறகு பேசிக்கொள்ளலாம் என்று வைத்துவிட்டேன். அடுத்த வேலை திருப்பூரில் ஒரு மண்டபம். மண்டபம் எவ்வளவோ மேல்.

ஜூன் 4, புதன்

திருப்பூர். மணமகளின் மாமா எல்லாப் படத்திலும் விழுந்திருக்கிறார். இபுராகிமுக்கு இரண்டு முறை போன் போட்டேன், எடுக்கவில்லை. சும்மாதான் போட்டேன்.

ஜூன் 11, புதன்

கோபிகிருஷ்ணன் அழைத்தார். குரலில் தேன்.

"உங்க சிஸ்டத்துல யார் யார் எதைப் பாத்தாங்கன்னு பதிவாகும்னு சொன்னீங்கல்ல? மகேந்திர மாஜின்னு ஒரு ஆளு. அவன் அந்தப் பாதுகாப்புப் பகுதியைப் பாத்தானான்னு மட்டும் எடுத்துக் குடுங்க."

எடுத்துப் பார்த்தேன். பார்த்திருக்கிறார். தூணைத் தொட்டு, தண்ணீர் கொட்டும் வீடியோவைத் திரும்பவும் ஒருமுறை பார்த்திருக்கிறார்.

"அது போதும்மா. நல்லா ட்ரெய்னிங் குடுத்திருக்கோம்னு ஆயிடுச்சு. கைப்பிடியை ஒழுங்கா இழுக்கத் தெரியலன்னா அதுக்கு நாம என்ன பண்றது?"

என்ன ஆயிற்று என்று கேட்பதற்குள் வைத்துவிட்டார்.

ஜூன் 12, வியாழன்

இபுராகிமுக்கு விடாமல் போன் அடித்ததில் எடுத்தார். அழுகிற குரல்.

மாஜி வேலைக்குச் சேர்ந்த மூன்றாம் நாள். பாட்டில் உடைந்து வலது கையிலும் மார்பிலும் தெறித்திருக்கிறது. ஓடிவந்து பச்சைத் தூணின் கீழ் நின்று கைப்பிடியை இழுத்திருக்கிறார். தண்ணீர் இல்லை. மறுபடி இழுத்திருக்கிறார். டிரம்மை ஆர்டர்படி கொட்டகைக்குப் பின்னால் கொண்டுபோய் வைத்திருந்தார்கள், மறுபடி தூணுக்கு வந்தால் சம்பளம் பிடிப்போம் என்று மிரட்டல் வேறு. பூமயிலும் மற்றவர்களும் "பின்னாடி ஓடுய்யா, பின்னாடி டிரம்மு!" என்று கத்தியிருக்கிறார்கள். அவருக்குத் தமிழ் தெரியாது. கத்துகிறார்கள் என்று இன்னும் பலமாக இழுத்திருக்கிறார். கடைசியில் பூமயில்தான் இழுத்துக்கொண்டு போய் டிரம்மைக் கவிழ்த்தாளாம். அவள் கையும் கொஞ்சம் கொப்புளித்துவிட்டதாம்.

"நான் கூட்டிட்டுப் போயி காட்டிருப்பேன் மேடம். கூட்டிட்டுப் போக வேணாம்னுட்டாங்க. படம் இருக்குல்லன்னுட்டாங்க."

மதுரைக்குக் கொண்டுவந்து சேர்த்திருக்கிறார்களாம்.

அவரிடம் கத்தினேன். நீங்கள் என்ன பாதுகாப்பு அதிகாரி என்று கத்தினேன். அவர் எல்லாவற்றுக்கும் "ஆமா மேடம்" என்றார்.

ஜூன் 13, வெள்ளி

பல் டாக்டரைப் பார்க்க வேண்டியிருந்தது. ஆஸ்பத்திரி அந்தப் பக்கம்தான், அப்படியே எட்டிப் பார்க்கலாம் என்று போனேன். லிப்ட் வேலை செய்யவில்லை. எந்த வார்டு என்று கேட்டால் ஆளுக்கு ஒரு திசையைக் காட்டுகிறார்கள்.

மாஜி முப்பது வயதுக்காரர். தோளிலிருந்து விரல் வரை கட்டு. பக்கத்துக் கட்டில்காரரின் மனைவிதான் சோறு ஊட்டிக்கொண்டிருந்தாள், இவளுக்கு அவர் மொழி தெரியாது, அவருக்கு இவள் மொழி தெரியாது. நான் இந்தியில் பெயரைச் சொல்லி, எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்டேன்.

அவர் தலையைத் தூக்கி என்னையே பார்த்தார். "தீதி, டேப்லெட்டில் பேசுவது நீங்கள்தானே?" என்று அக்கா முறை வைத்துக் கேட்டார்.

ஆமாம் என்றேன்.

"நீங்கள் சொன்ன மாதிரியேதான் செய்தேன். பச்சைத் தூணுக்கு ஓடினேன். கைப்பிடியை இழுத்தேன். வீடியோவில் இருக்கிற மாதிரி கீழ்ப்பக்கமாகத்தான் இழுத்தேன். சரியாக இழுக்கவில்லை என்று ஆபீஸில் சொல்கிறார்கள். ஊருக்கு அனுப்பிவிடுவார்களாம். நான் எதில் தப்பு செய்தேன் என்று மட்டும் சொல்லுங்கள் தீதி. அடுத்த தடவை சரியாகச் செய்வேன்."

மருந்து ஒழுங்காகப் போடுகிறார்களா, சாப்பாடு எப்படி என்று என்னவோ கேட்டேன். வாங்கிப்போன ஆரஞ்சைக் கட்டிலின் மேல் வைத்தேன். இரண்டு கையாலும் உரிக்க வேண்டிய பழத்தை வாங்கிக்கொண்டு போயிருக்கிறேன், என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும். உரித்துக் கொடுத்துவிட்டு, அவர் நம்பரை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

பேருந்தில் உட்கார்ந்து அழுதேன். வெட்கமாக இருந்தது, எனக்கு என்மேலேயே அருவருப்பாக இருந்தது. பல் டாக்டரிடம் எனக்கு எந்த வேலையும் இல்லை.

ஜூன் 14, சனி

செல்வின் தானாகவே தோசை சுட்டுக் கொண்டுவந்து வைத்தார். கரிந்திருந்தது. ஒன்றும் சொல்லாமல் சாப்பிட்டேன். "உடம்பு சரியில்லையா?" என்று பயந்துவிட்டார்.

ஜூன் 16, திங்கள்

அழித்ததைத் திரும்பக் கொண்டுவந்துவிட்டேன். முதல் நாள் எடுத்த மூலப்படம் கணினியில் இருந்தது. தூண், அதன் காலடியில் டிரம், மூடிமேல் பிடியில்லாத மக். தண்ணீர் கொட்டும் துண்டு வீடியோவைத் தூக்கி எறிந்துவிட்டு, குடங்களோடு அவர்கள் ஓடிவரும் முழு வீடியோவையும் போட்டேன். லாரியிலிருந்து வரும் ஹோஸும் நன்றாகத் தெரிகிறது.

பிறகு மைக்கின் முன் உட்கார்ந்தேன். 'பச்சைத் தூணில் தண்ணீர் இல்லை. அதை நம்பி நிற்காதீர்கள். நீல டிரம் தூணின் கீழே இருக்கும், இல்லாவிட்டால் கொட்டகைக்குப் பின்னால் இருக்கும். அதை நோக்கி ஓடுங்கள். அது உங்களோடு வேலை செய்கிறவர்கள் ஊற்றி வைத்த தண்ணீர்.' தமிழில், இந்தியில், ஆங்கிலத்தில். மூன்றையும் ஏற்றிவிட்டேன். வாங்குகிற கம்பெனி பார்க்கும் சுட்டியும் இதே சுட்டிதான். தெரிந்துதான் ஏற்றினேன்.

இபுராகிமிடம் மட்டும் சொன்னேன். "டிரம்ம நான் இப்பவே தூணுக்குக் கொண்டு வந்துடறேன் மேடம். படத்துல இருக்குற மாதிரிதான இருக்கணும்? சாரோட ஆர்டரு அதான்" என்றார். இந்த மனிதர் வாயிலிருந்து இப்படி ஒரு பேச்சு வரும் என்று நான் நினைக்கவே இல்லை.

ஜூன் 17, செவ்வாய்

காலையில் கோபிகிருஷ்ணன். வணக்கம்கூட இல்லை.

"என்னம்மா பண்ணி வச்சிருக்கீங்க? ஷவர்ல தண்ணியே இல்லையாமேன்னு அவங்க மெயில் போட்டிருக்காங்க! யாரக் கேட்டு மாத்துனீங்க? இந்த நிமிஷமே எடுங்க."

"எடுக்கறேன் சார். தூண்ல தண்ணி வரட்டும். லாரி வச்சு இல்ல, குழாயில. இபுராகிம் கைப்பிடிய இழுத்து வீடியோ எடுத்து அனுப்பட்டும். அன்னைக்கே டிரம்ம எடுத்துடறேன்."

"கோர்ட்டுக்கு இழுப்பேன் உங்கள."

"இழுங்க சார். அங்கயும் இதையே போட்டுக் காட்டறேன். மாஜி என்ன பாத்தாருங்கற பதிவும் எங்கிட்டதான இருக்கு."

கத்தவில்லை. குரல்கூட உயரவில்லை. போனை வைத்துவிட்டு மாத்திரை போட்டுக்கொண்டேன். இனி இந்தப் பக்கத்தில் ஒரு ஆலைக்காரனும் என்னைக் கூப்பிடப் போவதில்லை. மண்டபத்து மாமாக்களோடுதான் என் காலம்.

மத்தியானம் மாஜிக்குச் சுட்டியை அனுப்பினேன். சாயங்காலம் அவரிடமிருந்து குரல் பதிவு வந்தது. பின்னணியில் வார்டின் இரைச்சல்.

"தீதி, இது வேறு மாதிரி இருக்கிறது. நான் பார்த்தபோது டிரம் இல்லை. தண்ணீர் இல்லை என்று நீங்கள் சொல்லவும் இல்லை. அப்படியென்றால் நான் கைப்பிடியைச் சரியாகத்தான் இழுத்தேனா?"

ஐந்தாறு முறை பேசி அழித்தேன். மிக்ஸி ஓடவில்லை, நாய் குரைக்கவில்லை, தொண்டையும் நன்றாகத்தான் இருந்தது. கடைசியில் அனுப்பியது இதுதான்:

"சரியாகத்தான் இழுத்தீர்கள் தம்பி. உங்கள் மேல் ஒரு தப்பும் இல்லை, யார் கேட்டாலும் நான் வந்து சொல்கிறேன். தூணில் தண்ணீர் இல்லை என்பது எனக்கு அப்போதே தெரியும். தெரிந்துதான் உங்களை அங்கே ஓடச் சொன்னேன்."

கேட்டுவிட்டார் என்று போன் காட்டுகிறது. பதில் இன்னும் வரவில்லை.